ஒன்பதாவது சாளை

தப்பு சற்குணத்தினுடையதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர் அதை ஒப்புக்கொள்ளப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டார். அத்தனை நாளும் படிக்கிறவர்கள் வேறு யாரையாவது சந்தேகித்துக்கொண்டிருப்பது நியாயமில்லை.

பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஓர் ஊரின் ஆஸ்பத்திரியில், தீக்காய வார்டுக்கு அவர் உணவியல் அலுவலர். யார் எத்தனை முட்டை சாப்பிட வேண்டும், யாருடைய மூக்குக் குழாயில் எத்தனை மில்லி கஞ்சி இறங்க வேண்டும் என்று அளந்து கொடுக்கிற உத்தியோகம். அளவாகச் சாப்பிடுங்கள் என்று ஊருக்குச் சொல்லும் அந்த மனிதரின் வயிறு, எந்தக் கதவிலும் அவருக்கு அரை நொடி முன்னதாகவே நுழைந்துவிடும். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் "எங்க ஊர்ல அப்பிடி ஒரு ஆஸ்பத்திரியே கெடையாதே" என்பார்கள். அதுவும் உண்மைதான்.

இது நடந்த காலத்தில் கடலில் சாளை மீன் அநேகமாக இல்லை. சந்தையில் சாளை என்று விற்ற எதுவும் சாளை இல்லை. ஆனால் தீக்காயக்காரர்களுக்கு மீன் எண்ணெய் வேண்டும். வெந்த உடம்பு தனக்குள்ளேயே இன்னொரு தீயை மூட்டிக்கொள்ளும், எண்ணெய் அதைக் கொஞ்சம் தணிக்கும் என்பது டாக்டர்களின் நம்பிக்கை. ஆகவே ஒரு கம்பெனி சாளையின் உயிரணுக்களைத் தொட்டியில் வளர்த்து, நீந்தாத, முள்ளில்லாத, கண்ணே இல்லாத ஒரு மீனிலிருந்து எண்ணெய் பிழிந்து அனுப்பியது. ஐந்து லிட்டர் டின். மேலே சிவப்பு எழுத்தில், "ஒரு டின் ஒரு நோயாளிக்கு மட்டும். பகிரக் கூடாது."

வார்டில் எட்டு நோயாளிகள். எட்டு டின் வேண்டும் என்று எழுதி எடுத்துக்கொண்டு சற்குணம் ஸ்டோருக்குப் போனார். காலி டின் திரும்பி வந்தால்தான் அடுத்த டின் என்ற சட்டத்தைப் பெற்ற பிள்ளையைப்போல் காத்துவந்தவர் ஸ்டோர் கீப்பர் பரமகுரு.

"மொதல்ல ஒண்ணக் காலி பண்ணிட்டு வாங்க சார். வீட்டுல எட்டு காஸ் சிலிண்டரையா ஒரே நேரத்துல மாட்டிவெச்சுச் சமைக்கிறோம்?"

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. சற்குணத்துக்கு யார் எதைச் சொன்னாலும் கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். அநியாயம் எல்லாம் அவருக்கு வீட்டுக்குப் போய்க் கால் கழுவும்போதுதான் உறைக்கும். ஒரே டின்னோடு திரும்பினார். பகிர வேண்டாம் என்று கம்பெனிக்காரன் சொல்வது எண்ணெய் நிறைய விற்பதற்காக இருக்கும் என்று தானே ஒரு விளக்கவுரை எழுதிக்கொண்டார். எட்டுப் பேர் கஞ்சியிலும் அந்த ஒரு டின்னிலிருந்தே ஊற்றினார். தான் ருசி பார்க்காத எதையும் நோயாளிக்குக் கொடுப்பதில்லை என்பது அவர் வைத்திருந்த ஒரே கொள்கை. ஆகவே எட்டுக் கிண்ணத்திலும் நோயாளிக்கு முந்தி அவருக்கு ஒரு கரண்டி.

ஒன்பதாம் நாள் காலை, பிரிவுத் தலைவர் டாக்டர் மெஹருன்னிசா ரவுண்ட்ஸ் வந்தபோது, எட்டு நோயாளிகளும் ஒரே நேரத்தில் இடது பக்கம் திரும்பிப் படுத்தார்கள்.

டாக்டர் இடது பக்கம் பார்த்தார். சுவர்தான் இருந்தது. சற்று நேரத்தில் எட்டுப் பேரும் வலது பக்கம் திரும்பினார்கள். உடம்பைத் திருப்ப முடியாத இருவர் கண்ணை மட்டும் திருப்பினார்கள். வார்டு பொறுப்பு நர்ஸ் அருள்சீலி சத்தமில்லாமல் சிலுவை போட்டுக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, என்ன பண்றீங்க?" என்று சற்குணம் முதல் கட்டிலில் கேட்டார். அங்கே இருந்தவர் கொண்டல்சாமி, டீ மாஸ்டர், நாற்பது வருடம் ஆற்றிய பால் ஒருநாள் அவர் மேலேயே ஆறிவிட்டது.

"எல்லாரும் திரும்புறாங்க, நாம மட்டும் திரும்பாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

"மொதல்ல யாரு திரும்புனது?"

"அதெல்லாம் யாரு சார் கணக்கு வெச்சுக்கிட்டு."

அந்த வார்டில் நேரான பதில் என்று ஒன்று கிடையாது என்பதைச் சற்குணம் வேலைக்குச் சேர்ந்த வாரமே கண்டுகொண்டிருந்தார். கஞ்சி பிடித்திருக்கிறதா என்றால் "கஞ்சிதான" என்பார்கள். தூக்கம் வந்ததா என்றால் "ஃபேன் ஓடுச்சு" என்பார்கள்.

அடுத்த நாள் விஷயம் இன்னும் முற்றியது. மின்விசிறிக் காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க வேண்டும் என்று எட்டுப் பேரும் அடம்பிடித்தார்கள். கட்டில்களைத் திருப்பிப் போட்டதும் ஆற்றோட்டத்தை எதிர்த்து நிற்பவர்கள்போல நிம்மதியாகக் கண்ணை மூடினார்கள். ஒருவருக்கு விக்கல் எடுத்தால் எட்டுப் பேருக்கும் விக்கல். வராந்தாவில் ஆஸ்பத்திரிப் பூனை போனால் வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பூனைக்கு என்ன தெரிந்ததோ, அன்று மாலை அது தன் உறவினர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஆறாம் கட்டில் சேஷாசலம் சைவ மெஸ் நடத்துகிறவர், கொதிக்கிற சாம்பார் கவிழ்ந்து வந்தவர். மருந்து என்று சொன்னதால் எண்ணெயைப் பொறுத்துக்கொண்டவர். அவர் சற்குணத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், கேட்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. கனவுல வலை வருது."

"என்ன வலை?"

"மீன் வலை சார். மேலேர்ந்து எறங்குது. நான் வெங்காயம்கூடச் சேர்க்காதவன். எனக்கு எதுக்கு வலை?"

சற்குணம் அவர் தோளைத் தட்டப் போய், அங்கே புண் இருப்பது நினைவுக்கு வந்து, கட்டில் கம்பியைத் தட்டிவிட்டு வந்தார்.

மூன்றாம் கட்டிலில் இருந்தவள் வேலுத்தாய். முப்பத்து நாலு வயது. சங்குசக்கரத்துக்குள் வெடி மருந்து அடைக்கும்போது பற்றிக்கொண்டது. உடம்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு வெந்திருந்தது. இரண்டு கையும் முழங்கை வரை கட்டு. கட்டுப் பிரித்துப் புண் கழுவுவது தினமும் காலை பத்து மணிக்கு. எத்தனை ஊசி போட்டாலும் பத்து மணி பத்து மணிதான். அவள் போடும் அலறலில் வெளியே சீட்டு வாங்க நிற்கும் வரிசை பேச்சை நிறுத்திவிடும். சற்குணம் அந்த நேரம் பார்த்துச் சமையல் கூடத்தில் ஏதாவது வேலை கண்டுபிடித்துக்கொள்வார். பருப்பு டப்பாக்களை ஒருமுறை அகரவரிசைப்படி அடுக்கினார்.

பதினோராம் நாள், கஞ்சி வண்டி சக்கரம் சிக்கிக்கொண்டதால் அவர் பத்து மணிக்கு வார்டு வாசலிலேயே மாட்டிக்கொண்டார். அருள்சீலி கட்டைப் பிரித்தார். வேலுத்தாய் வாயைத் திறந்தாள். அலறல் வரவில்லை. எட்டுக் கட்டிலிலிருந்தும், ஒரே அளவில், ஒரே நேரத்தில் "ம்ஸ்" என்று ஒரு சத்தம் வந்தது. காலில் கல் குத்தினால் வருமே, அவ்வளவுதான். அப்புறம் வண்டிப் பக்கமிருந்தும் ஒரு "ம்ஸ்." சற்குணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்.

"என்ன சார்?" என்றார் அருள்சீலி.

"வாய்வு."

"பிரிக்கும்போதே வருதே?"

"காலையில மொச்சை."

கொண்டல்சாமி கட்டிலிலிருந்து சொன்னார். "சிஸ்டர், அந்தப் பிள்ளைக்குக் கட்டு எடுத்தீகள்ல, அந்த வலியில கொஞ்சம் எனக்கு வந்துச்சு. ஒரு டம்ளர் டீய எட்டாப் பிரிச்சாப்புல. தாங்கிக்கலாம். நீங்க பாட்டுக்கு எடுங்க."

வேலுத்தாய் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நாளில் முதல்முறையாக அவள் புண்ணைப் பார்க்க அவளுக்கு நேரம் கிடைத்திருந்தது.

மறுநாள், அதாவது பன்னிரண்டாம் நாள், டாக்டர் மெஹருன்னிசா சற்குணத்தைத் தன் அறைக்குக் கூப்பிட்டு டின்னை மேசைமேல் வைத்தார். அதற்கு மேல் தாங்காமல் சற்குணம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். காஸ் சிலிண்டர் உவமையைக்கூட விடவில்லை.

டாக்டர் திட்டவில்லை. அது சற்குணத்துக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கொழுப்புன்னா வெறும் கொழுப்புன்னு நினைச்சீரா சற்குணம்? உடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் சுவரே அதுதான். இவங்க உடம்பு ராப்பகலா புதுத் தோலு கட்டிக்கிட்டு இருக்கு. நீரு எந்தச் செங்கலைக் குடுக்கிறீரோ அதை வெச்சுத்தான் கட்டும்."

"சரி டாக்டர்."

"ஒரு தொட்டியில வளர்ந்த சாளைங்கிறது ஒரு கூட்டம். ஒரு மீனு திரும்புனா மத்தது உடம்பாலயே தெரிஞ்சுக்கும். அந்தக் குணம் எண்ணெயிலயும் இருக்குன்னு கம்பெனிக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் ஒருத்தருக்கு ஒரு டின்னுன்னு போட்டான். ஒத்தை ஆளுன்னா கூட்டம் சேராதே. நீரு எட்டுப் பேரையும் ஒரே கூட்டமா ஆக்கிட்டீரு."

"ஒன்பது" என்றார் சற்குணம், கரண்டியை நினைத்துக்கொண்டு. "ஆனா எனக்குத் தீக்காயம் எதுவும் இல்லையே டாக்டர்."

"உம்ம குடல் மூணு நாலு நாளைக்கு ஒருக்கா தன்னைப் புதுசாக் கட்டிக்குது. அவங்களுக்குத் தோலு, உமக்கு வயிறு. உமக்கு அது ஒண்ணுதான் தாராளமா இருக்கு."

எண்ணெயை நிறுத்தினால் இரண்டு வாரத்தில் எல்லாம் கலைந்துவிடும் என்றார் டாக்டர். நிறுத்தலாமா என்று சற்குணம் கேட்டார். டாக்டர் சன்னல் பக்கம் பார்த்தார். "பத்து மணிக்கு அந்தப் பொண்ணு நேத்து கத்தலை. பதினஞ்சு வருஷமா இந்த வார்டுல இருக்கேன்" என்றார். அது பதில் இல்லை; ஆனாலும் எண்ணெய் தொடர்ந்தது.

அதற்குப் பின் வந்த பத்து நாளைச் சற்குணம் தன் உத்தியோகத்தின் பொற்காலம் என்று சொல்வார். ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும் பசித்தது. ஒருவருக்கு முட்டை கொடுத்தால் எட்டுப் பேருக்கும் திருப்தி. சேஷாசலம் மட்டும் அடுத்தவர் முட்டையின் ருசி தன் நாக்கில் ஏறுவதாகப் புகார் சொன்னார்; "புகார் சொல்றீங்களா, இன்னொண்ணு கேக்கிறீங்களா?" என்று கொண்டல்சாமி மடக்கியதும் அடங்கிவிட்டார். எட்டுப் பேரும் "எனக்கு" என்று சொல்வதை விட்டுவிட்டு "எங்களுக்கு" என்றார்கள். பத்து மணிக்கு எட்டு "ம்ஸ்", வாசலில் ஒரு "ம்ஸ்", அவ்வளவுதான்.

வாசலில் நின்றது சற்குணம்தான். இப்போது அவர் பருப்பு டப்பா அடுக்கப் போகவில்லை. தான் செய்த தப்பில் தனக்கும் ஒரு பங்கு வருகிறது என்பதில் அவருக்கு ஒரு ரகசியத் திருப்தி. ஆனால் மனிதர் இயல்பிலேயே பயந்தவர். ஊசி போட்டுக்கொள்ளும்போது நர்ஸின் கையைப் பிடித்துக்கொள்கிறவர். ஒன்பதே முக்கால் ஆனால் போதும், கை வியர்க்கும், வயிற்றில் புளியைக் கரைக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். சிரித்த முகமாக வேலுத்தாயின் கஞ்சியைக் கலக்குவார். கரண்டி மட்டும் கிண்ணத்தில் தந்தி அடிக்கும்.

நல்ல காலத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். நோயாளிகள் குணமாகத் தொடங்கினார்கள்.

முதலில் சேஷாசலம் போனார். அதற்கடுத்த இரண்டு நாளில் நான்கு பேர். ஆஸ்பத்திரி மதில் சுவரைத் தாண்டினால் கூட்டத்தின் பிடி விட்டுவிடுகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. எட்டில் ஒன்று ஐந்தில் ஒன்று ஆயிற்று, நான்கில் ஒன்று ஆயிற்று. "ம்ஸ்" நீண்டு "ஸ்ஸ்ஸா" ஆயிற்று. ஏழாம் கட்டில்காரனை அவன் மனைவி வந்து கூட்டிப்போனபோது, இன்னும் ஒரு வாரம் இருக்கலாமே என்று சற்குணம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எதுக்கு சார்? புண்ணு ஆறிருச்சுல்ல?"

"அந்தம்மாவுக்கு இவரு இருந்தா கொஞ்சம் ஒத்தாசை."

"அடுத்தவ வலிக்கு இவரு ஒத்தாசையா?" என்று அவள் புருஷனைப் பார்த்தாள். "எனக்குப் பேறுகாலம் பாத்தப்ப வெளிய நின்னு பரோட்டா தின்ன மனுசன்."

சற்குணம் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனார்.

கொண்டல்சாமிதான் போன பிறகும் போகாமல் இருந்தார். மதிலுக்கு உள்ளே, வாசல் பக்கத்து வேப்பமரத்தடியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். எதிரே ஆஸ்பத்திரி கேன்டீன் டீயைக் குடிக்க வேண்டியிருந்ததுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய வேதனை. "இது டீயா சார், கழனித் தண்ணி. வேலுத்தாய்க்காகப் பாக்கிறேன்." மூன்றாம் நாள் அவர் மகன் ஆட்டோவோடு வந்தான். கடை பூட்டிக் கிடந்தால் வாடிக்கை போய்விடும் என்றான். கொண்டல்சாமி ஆட்டோவில் ஏறி, மதிலைத் தாண்டும்போது ஏதோ கழன்று விழுந்தவர்போலத் திரும்பிப் பார்த்தார்.

இப்போது கூட்டம் என்பது இரண்டே பேர். வேலுத்தாயின் தோலும் சற்குணத்தின் வயிறும். வார்டுக்கு வந்த புதியவர்களுக்கு வேறு டின்கள். பரமகுருவிடமிருந்து அவற்றை டாக்டரே நேரில் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

பாதிப் பங்கு என்பது என்ன என்று சற்குணம் முதல் நாளே தெரிந்துகொண்டார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வயிற்றில் வெந்நீர்ப் பை வைத்து, வாயில் சமையல்காரரின் பிடிதுணியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்து மணி நான்கு நிமிடத்துக்கு நாற்காலியோடு கவிழ்ந்தார். புதிதாக வந்திருந்த நோயாளி ஒருவன், "இவருக்கு எங்க சார் வெந்துச்சு?" என்று கேட்டான். "உள்ளுக்குள்ள" என்றார் அருள்சீலி, அவர் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே.

"நாளையிலேர்ந்து வீட்டுக்குப் போயிருங்க சார். மதிலத் தாண்டிட்டாப் போதும்."

"அப்ப அது முழுசும் அவளுக்குல்ல போகும்?"

"அது அவளுது சார்."

"டின்னு என்னுது சிஸ்டர்."

இந்த நிலையில்தான் செல்வகணபதி வந்தார். வேலுத்தாய் வேலை பார்த்த ஆலையின் முதலாளி. கையில் ஆப்பிள் பை. கெட்டவர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடிந்தால் இந்தக் கதை சுலபமாக இருந்திருக்கும். விபத்தன்று அவரும்தான் அழுதார். அழுதுவிட்டு மறுநாள் ஷெட்டைத் திறந்தார், அதுதான் சங்கடம்.

"எல்லாம் கேள்விப்பட்டேன் சார். அருமையான விஷயம்" என்று நாற்காலியைச் சற்குணத்தின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நம்ம ஆலையில இருநூத்துப் பன்னெண்டு பேரு. காலையில ஷிப்டுக்கு முன்னால ஆளுக்கு ஒரு கரண்டி. ஒரே டின்னுலேர்ந்து. நாளைக்கு என்னமும் ஒண்ணு ஆச்சுன்னு வைங்க, இருநூத்துப் பன்னெண்டுல ஒரு பங்கு. எறும்பு கடிச்ச மாதிரி. யாருக்கும் ஒண்ணும் ஆகாத மாதிரியேதான் இருக்கும்."

"என்னமும் ஒண்ணு ஆகாமப் பாத்துக்கலாமே அண்ணாச்சி."

"அதுக்கும் ஒரு பக்கம் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்." அவர் ஆப்பிள் ஒன்றை எடுத்துத் துடைத்தார். "மேல எழுதிக் கேட்டுட்டேன். வார்டு ரிப்போர்ட்டு நல்லபடியா வந்தா அனுமதின்னுட்டாங்க. ரிப்போர்ட்டு நீங்கதான எழுதுறீங்க?"

கேட்கும்போது இதுவும் நியாயமாகத்தான் இருந்தது. சற்குணத்துக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

செல்வகணபதி வேலுத்தாயின் கட்டிலருகே போய், "என்னம்மா, வலியெல்லாம் இப்ப இல்லைல்ல?" என்றார்.

"இருக்கட்டும்யா" என்றாள் அவள்.

ரிப்போர்ட் படிவம் நான்கு பக்கம். எடை, புரதம், புண்ணின் அளவு எல்லாம் சற்குணம் ஒரு மூச்சில் நிரப்பிவிட்டார். கடைசிக் கட்டம்தான் காலியாகக் கிடந்தது: "கூட்டு எண்ணெயைத் தொடர நோயாளி விரும்புகிறாரா? அவருடைய சொந்தச் சொற்களில்." அந்தக் கட்டத்தில் என்ன எழுதப்படுகிறதோ அதை வைத்துத்தான் டின்னில் மிச்சமிருக்கும் ஒரு லிட்டர் தொடரும், அல்லது நிற்கும். வரும் திங்கட்கிழமை தொடையிலிருந்து தோல் எடுத்து அவள் கைகளில் ஒட்டப்போகிறார்கள். அதற்குப் பிறகு வரும் பத்து மணிகள் இதுவரை வந்த பத்து மணிகளைப்போல இருக்காது, இனிமேல்தான் தோல் எடுத்த தொடையும் புண், ஒட்டிய கையும் புண் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தனியாக அவள் எப்படித் தாங்குவாள் என்பதை நினைத்தால் சற்குணத்துக்குத் தூக்கம் போயிற்று. அவளோடு சேர்ந்து தான் எப்படித் தாங்குவோம் என்று நினைத்தால் மிச்சமிருந்த தூக்கமும் போயிற்று.

செவ்வாய்க்கிழமை கேட்டார். "எண்ணெயத் தொடரட்டுமாம்மா?"

"உங்களுக்குத் தெரியாததா சார்."

புதன்கிழமை கேட்டார். "டாக்டரம்மா என்ன சொல்றாங்க?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

வியாழக்கிழமை கேள்வியை மாற்றினார். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு ஒரு எண் சொல்லச் சொன்னார்.

"நீங்களே பாத்து ஒண்ணு போட்டுக்கங்க சார்."

அருள்சீலியிடம் போய், "நீங்க கேட்டுச் சொல்லுங்க சிஸ்டர், பொம்பளைக்குப் பொம்பளை" என்றார். அவர் போய்க் கால்மணி நேரம் பேசிவிட்டு வந்து, "ஒரே மாதிரியா இருக்காம்" என்றார். எதைப்போல என்று கேட்டதற்கு, "அதக் கேக்கலையே" என்றார்.

டாக்டரிடம் போனார். "நீங்களே சொல்லிருங்க டாக்டர். தொடரவா, நிறுத்தவா?"

"எனக்கு எப்படித் தெரியும் சற்குணம்? அவ தோலு, உம்ம வயிறு."

வெள்ளி, சனியும் போயிற்று. ஞாயிறு அவருக்கு விடுமுறை. மதிலுக்கு வெளியே, தன் வீட்டுக் கட்டிலில், காலைப் பத்து மணிக்கு வயிறு அமைதியாக இருந்ததற்காக அவர் குற்றவாளிபோலக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

திங்கட்கிழமை விடிந்ததும் வந்துவிட்டார். ஒன்பது மணிக்கு அவளை அறுவைக்குக் கொண்டுபோவார்கள். படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கட்டிலருகே நின்றார். முதல் நாளே எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்திருந்தார். பேச ஆரம்பித்ததும் ஒத்திகை எல்லாம் ஓடிவிட்டது.

"வேலுத்தாயி, நான் ஒண்ணு கேக்கிறேன். உங்க கையில கெடக்கிற வலி என் டின்னால பங்கு பிரிஞ்சது. மத்தவங்க எல்லாம் போயிட்டாங்க. நான் ஒருத்தன்தான் மிச்சம். நான் பெரிய தைரியசாலி எல்லாம் இல்ல. ஆனா நிக்கிறேன். இன்னும் மூணு மாசம் ஆனாலும் அந்த நாற்காலியில நிக்கிறேன், உக்காருறேன். உங்களுக்கு நான் வேணுமா, வேண்டாமா? உங்களுக்குத் தெரியாததான்னு மட்டும் சொல்லாதீங்க. சத்தியமா எனக்குத் தெரியல."

வேலுத்தாய் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தாள்.

"வேண்டாம் சார்."

சற்குணம் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். அந்த வார்டில் பதினோரு வருடமாக அவர் காத்திருந்த நேரான பதில் அது. வந்து விழுந்தபோது எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை.

"மனசு நோகப் போகுதுன்னுதான் இத்தன நாளா சொல்லல" என்றாள் அவள். "தினம் நாலு தடவ வந்து சோறு குடுக்கிற மனுசருகிட்ட எப்பிடிச் சொல்றது. கேட்டீங்க, சொல்லிர்றேன். வலி பங்கு பிரியுது சார். பயம் பங்கு பிரியல."

"எந்தப் பயம்?"

"உங்க பயம். எட்டுப் பேரு இருந்தப்பவும் அதே அளவு, இப்பவும் அதே அளவு. ஒம்போதே முக்காலுக்கு நீங்க கஞ்சி கலக்க வருவீங்க, என் வயித்துல புளியக் கரைக்கும். எனக்கு என்ன ஆகப்போகுது, செத்துருவேனோ, கை போயிருமோன்னு நினைச்சு நினைச்சு நான் கெடந்து நடுங்குவேன். யாரு பயம்னே தெரியல. என்னோடதுன்னுதான் நினைச்சேன். நேத்து ஞாயித்துக்கிழமை. நீங்க இல்ல. வலி முழுசும் எனக்குத்தான். உசுரு போயிருச்சு. ஆனா பயமே இல்ல சார். போன ஞாயித்துக்கிழமையும் இல்ல. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமையும் இல்ல. அப்பத்தான் புரிஞ்சுச்சு."

சற்குணம் படிவத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"நம்பரு கேட்டீங்கல்ல. ஒம்போது. நீங்க இருந்தா நாலரை. அந்த நாலரையோட உங்க பயம் ஒரு பத்து சேர்ந்துருது. நீங்களே கூட்டிப் பாருங்க." அவள் கட்டுப்போட்ட கையால் படிவத்தைக் காட்டினாள். "முதலாளிக்கும் அதையே எழுதிப் போடுங்க. நாங்க மருந்து அடைக்கிறப்ப ஒவ்வொருத்தியும் அவ பயத்த மட்டும் அடக்கிக்கிட்டுத்தான் கைய அசையாம வெச்சிருக்கோம். இருநூத்துப் பன்னெண்டு பேரு பயமும் ஒருத்தி கையில ஏறுச்சுன்னா அந்தக் கை நடுங்கும். நடுங்குன கையால மருந்து அடைச்சா என்ன ஆகும்னு அவருக்கே தெரியும்."

வெளியே தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. சற்குணம் குனிந்து பேனாவை எடுத்தார். கண்ணில் நீர் முட்டியது, அதே நொடியில் அவள் முகம் சுளித்ததைப் பார்த்தார்.

"அழாதீங்க சார், அதுவும் இங்கதான் வருது" என்றாள் வேலுத்தாய். "எண்ணெய நிறுத்திருங்க. அது விட்டுப் போற வரைக்கும் பத்து மணிக்கு மதிலுக்கு அங்கிட்டுப் போயிருங்க, கொண்டல்சாமி அண்ணாச்சி கடையில ஒரு டீ குடிங்க. பதினோரு மணிக்கு வாங்க. வந்து அந்த முட்டைய உரிச்சு ஊட்டிவிடுங்க. அது ஒண்ணுக்குத்தான் எனக்கு ஆளில்ல."